வெண்மையும் தூய்மையும்: வீட்டிற் பல் வெளுக்கும் விளக்கைக் குறித்துச் சில சிந்தனைகள்

மெய் என்னும் சொல் தமிழில் உடம்பையும் உணர்த்தும், உண்மையையும் உணர்த்தும். உடம்பை வேண்டியவாறு மாற்றிக்கொள்வது உண்மைக்கு மாறாகுமோ என்னும் வினா, ஆகவே, நமக்கு மொழியிலேயே பிறந்துவிடுகின்றது எனலாம். பல் விழுந்தவர் கட்டிக்கொள்ளும் பல்லை நாம் பொய்ப்பல் என்கின்றோம். மூக்குக்கண்ணாடியைப் பொய்க்கண் என்று எவரும் இழித்துரைத்ததாகத் தெரியவில்லை. ஆயின் இக்கட்டுரை பொய்ப்பல்லைப் பற்றியதன்று. சொந்தப் பல்லையே வெண்ணிறமாக்கித் தருவதாகக் கூறி இன்று விற்கப்படும் ஒரு சிறு கருவியைப் பற்றியது. ஊசிக்குழல் போன்றதொரு குழலில் அடைத்த பசை, மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒருங்கே கௌவும் மென்மையான அச்சு, அதன் முன்புறத்தே நீலமாய் எரியும் விளக்கு ஆகிய மூன்றுமே அக்கருவி. பசையைத் தடவி, அச்சைக் கௌவிக்கொண்டு, கால்மணி நேரமோ அரைமணி நேரமோ விளக்கை எரியவிட்டிருத்தல் வேண்டும். சில நாட்கள், சில வாரங்கள் என இது தொடரும். கைத்தொலைபேசியிற் கண்டு வரவழைப்போரும், இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டியில் இதனை எதிர்பார்ப்போரும் நம்மிடையே உளர். கலியாண நாள் நெருங்கும் வீடுகளில் இதன் பேச்சுச் சற்றுக் கூடுதலாகவே எழும்.

அறம் பேசுமுன் பொருளின் இயல்பை அறிந்துகொள்ளுதல் முறை. மருத்துவர் கிறீன் மானிப்பாயில் இருந்தவாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியலைத் தமிழில் வழங்கிய மண்ணில் வாழும் நாம், பல்லின் அமைப்பைத் தமிழிற் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. (தயங்குகின்றோம் என்பது வேறு விடயம்.) பல்லின் புறத்தே மிளிரி என்னும் உறை உண்டு. உடம்பில் அதனிலும் கடினமான பொருள் பிறிதில்லை. அவ்வுறை முழு வெண்மையானதன்று. ஒளியைத் தன்னூடே ஓரளவு புகவிடுவது. அதன் கீழே பன்முதல் என்னும் படை உளது. அதன் இயல்பான நிறம் மஞ்சள். நாம் பல்லின் நிறம் என்று காண்பது பெரும்பாலும் மிளிரியினூடாகத் தோன்றும் பன்முதலின் நிறமே. வயது ஏற ஏற மிளிரி தேய்ந்து மெலிகின்றது, பன்முதல் தடிக்கின்றது, பல்லும் மஞ்சளிக்கின்றது. தலைமயிருக்கு நரை எவ்வாறோ பல்லுக்கு இதுவும் அவ்வாறே.

பசையிலுள்ள செயற்பொருள் பெரும்பாலும் ஐதரசன் பரவொட்சைட்டு, அல்லது ஈரத்தோடு சேர்ந்து அதனை வெளிவிடும் காபமைட்டுப் பரவொட்சைட்டு. பின்னதை நூற்றுக்கு 10 பங்கு கொண்ட பசை, முன்னதை ஏறத்தாழ 3.5 பங்கு கொண்ட பசைக்கு ஒப்பாகும். இதன் மூலக்கூறு மிகச் சிறியது. மிளிரியின் நுண்ணிய இடைவெளிகளூடே நுழைந்து, சில நிமிடங்களிற் பன்முதலையும், அதற்கப்பால் நரம்பும் குருதியும் பொருந்திய மென்கூழையும் எட்டிவிடும். வெளுத்த சில நாட்களுக்குக் குளிர்ந்த நீர் பட்டாற் பல் கூசுவது இதனாலேதான். செல்லும் வழியில் அது சிதைந்து, எதனோடேனும் தாக்கமுற விழையும் துணிக்கைகளைப் பிறப்பிக்கும். தேநீரும் வெற்றிலையும் விட்டுச்சென்ற நிறப்பொருள்களும், பல் உருவாகும்போதே அதனுட் படிந்தவையும் பெரும்பாலும் நீண்ட மூலக்கூறுகளாலானவை. அவற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகள் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சுவதனாலேயே நிறம் தோன்றுகின்றது. அப்பிணைப்புகள் உடைந்தால், பொருளின் துண்டங்கள் எஞ்சியிருப்பினும் நிறம் ஒழிந்துவிடும். துலக்குதல் வேறு, வெளுத்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும். துலக்குவோர் அழுக்கை அகற்றுகின்றனர். வெளுப்போர் நிறத்தை மறையச் செய்கின்றனர். பற்குச்சியும் உமிக்கரியும் முன்னதைச் செய்தன. பின்னதைச் செய்வதாக அவை உரிமை கொண்டாடவில்லை.

இரவில் அணியும் அச்சிற் பசையிட்டு வீட்டிலேயே வெளுக்கும் முறையை ஹேவுட், ஹேமன் என்னும் அமெரிக்கப் பல்மருத்துவர் இருவர் 1989 இல் ஓர் ஆய்விதழில் விவரித்தனர். அவர்தம் முறையில் விளக்கு இல்லை.

விளக்கின் பங்கு யாது? மருத்துவ நிலையங்களில் ஒளியையும் வெப்பத்தையும் கொண்டு இத்தாக்கத்தை விரைவுபடுத்தும் வழக்கம் முன்னரே இருந்தது. வெப்பம் தாக்கத்தை விரைவுபடுத்தும் என்பதில் ஐயமில்லை. பல்லின் மென்கூழுக்கு அவ்வெப்பம் நல்லதன்று என்பதிலும் ஐயமில்லை. வீட்டுக் கருவியிலுள்ள ஒளிகாலும் இருவாயிகளோ குறிப்பிடத்தக்க வெப்பத்தைத் தருவனவல்ல. அவை உமிழும் நீல ஒளியின் அலைநீளம் பொதுவாக 400 முதல் 500 நனோமீற்றர் வரையிலானது. ஐதரசன் பரவொட்சைட்டு உறிஞ்சுவதோ பெரும்பாலும் அதனிலும் குறுகிய ஊதாக்கடந்த கதிர்களை. உறிஞ்சப்படாத ஒளி இரசாயனத் தாக்கத்தை எங்ஙனம் நிகழ்த்தும்? பல்லிலுள்ள நிறப்பொருள்களே நீல ஒளியை உறிஞ்சித் தளர்வுறும் என்று வாதிடுவாரும் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளுதலும் தகாது. ஆயினும் 2012 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, செறிவு மிக்க பசையோடு ஒளியைச் சேர்ப்பதால் வெண்மை கூடவில்லை என்றும், செறிவு குறைந்தவிடத்து உடனடித் தோற்றத்திற் சிறிது வேறுபாடு காணப்பட்டதென்றும், பற்கூச்சம் மட்டும் ஒளியினால் மிகுந்ததென்றும் கண்டது.

அவ்வுடனடித் தோற்றத்திலேயே ஒரு சிக்கல் உளது. வாயைத் திறந்து அச்சைக் கௌவியிருக்கும்போது பல் உலர்கின்றது. உலர்ந்த மிளிரி ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். ஆதலால் வெண்மையாகத் தோன்றும். உமிழ்நீர் ஊறி ஓரிரு நாள் கழிந்தால் அவ்வெண்மையின் ஒரு பகுதி மீண்டுவிடும். அச்சைக் கழற்றியவுடன் கண்ணாடியைப் பார்ப்பவர் தாம் கண்டதைப் பொய் என்று எவ்வாறு சொல்வார்? கண்ணாற் கண்டாரன்றோ! நம் அளவை நூலார் காட்சியை முதல் அளவையாகக் கொண்டபோதும், ஐயக் காட்சியையும் திரிபுக் காட்சியையும் வேறு பிரித்தே வைத்தனர். பழுதையைப் பாம்பென்று கண்டவனும் கண்ணாற் கண்டவனே.

இனி அறத்திற்கு வருவோம். பசை பொய்யன்று; போதிய செறிவோடு போதிய நாள் இட்டால் அது பல்லை வெளுக்கவே செய்யும். விளக்கோ ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாத பொருள் பொய் சொல்லுமோ? வள்ளுவர் வாய்மையைத் தீங்கு பயவாத சொல் என்று வரையறுத்தார். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் இசைந்தார். விற்பவர் இவ்விரண்டையும் தமக்கு அரணாகக் கொள்ளலாம். 'நான் ஒன்றும் பொய் உரைக்கவில்லை, விளக்குத்தான் எரிந்தது. வாங்கியவருக்குச் சிரிக்கும் துணிவு வந்தது. இதில் யாருக்கு என்ன தீங்கு?' என்று அவர் கேட்பின் விடையிறுத்தல் எளிதன்று. ஒளியென்றால் மருத்துவம், ஒளியென்றால் விஞ்ஞானம் என்னும் எண்ணம் நம் மனத்தில் முன்னரே உளது. விளக்கு அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடுகின்றதேயன்றிப் புதிதாக ஒன்றும் கூறவில்லை. அறிவை விளக்காகவும் அறியாமையை இருளாகவும் கண்டு வளர்ந்த சமூகத்தில் அத்தூண்டலுக்கு வலிமை கூடுதல். எனினும் வள்ளுவர் நன்மை என்று வாளா கூறாது குற்றமற்ற நன்மை என்றே அடைகொடுத்து ஓதினார். துணிவை இழக்கச் செய்தவரே பின்னர் அத்துணிவை விலைக்குத் தருவாராயின் அந்நன்மை குற்றமற்றதாகாது. விளம்பரம் முதலிற் செய்வது எது என்று நோக்கினால் இது தெளிவாகும். அது பசையை விற்குமுன், உன் பல் கறைபட்டது என்னும் எண்ணத்தை விற்கின்றது.

உடம்பின் நிறத்தை மாற்றுவது எதுவாயினும் பொய்யே எனக் கொள்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. அங்ஙனமாயிற் கண்ணுக்கு மை தீட்டியவரும் கைக்கு மருதோன்றி இட்டவரும் பொய்யராவர். யப்பானில் உயர்குடி மகளிர் பல்லைக் கருநிறமாக்குதலையே அழகெனக் கொண்டிருந்தனர். 1870 இல் அரசவை மேன்மக்களுக்கு அது தடைசெய்யப்பட்டது. 1873 இல் பேரரசியே வெண்பல்லோடு தோன்றினார். நம் மூத்தோரிடையே வெற்றிலைச் சிவப்பு மங்கலமாக எண்ணப்பட்ட காலமும் இருந்தது. பாக்கோடு கூடிய வெற்றிலை, புகையிலை சேராவிடினும், புற்றுநோய்க்கு ஏதுவாகும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூல் முடிவு கூறியபின் அச்சிவப்பைப் போற்றுவாரில்லை. ஆனால் அது நோய் பற்றிய முடிவேயன்றி நிறம் பற்றிய முடிவன்று. வெண்பல் விருப்பம் மேலைநாட்டார் தந்தது என்று சொல்லி ஒதுங்குவதும் இயலாது. பழந்தமிழிலே வால் என்னும் ஒரே சொல் வெண்மைக்கும் தூய்மைக்கும் நின்றது. வெண்மை தூய்மை என்னும் மயக்கம் நம்முடையதுமாகும். அதே மொழியில் வெண்மை என்பது அறிவின்மைக்கும் பெயராய் நின்றதையும், வள்ளுவரே புல்லறிவாண்மை அதிகாரத்தில் அப்பொருளில் அதனை ஆண்டதையும் விளம்பரக்காரர் அறியார் போலும்.

மயக்கத்தைத் தெளிவிக்கச் சைவசித்தாந்தம் ஒரு பாகுபாட்டைத் தருகின்றது. உயிரைப் பற்றிய தத்துவத்தைப் பல் விளக்கப் பயன்படுத்துவது தகுமோ என்று ஆசிரியர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும்; பொறுத்தருள்க. சித்தாந்தம் மலத்தை இரண்டாக வகுத்து நோக்கும். செம்பிற் களிம்பு போல உயிரோடு உடனாய் நிற்பது சகசம். இடையில் வந்து சேர்வது ஆகந்துகம். பல்மருத்துவரும் இதே பிளவைச் செய்கின்றனர். வெற்றிலையும் தேநீரும் புகையிலையும் பல்லின் மேல் ஏற்றிய கறை வந்தேறியது. பல் முளைக்குமுன் அதன் உள்ளே படிந்த கறை உடன்பிறந்தது. சிறு பருவத்தில் தெற்றாசைக்கிளின் மருந்து உண்டவர் பல்லிற் காணும் சாம்பல் நிறம் இவ்வகையது. முன்னது துலக்கினாலும் சுரண்டினாலும் போகும். பின்னது மாதக்கணக்கில் வெளுத்தாலும் முற்றாகப் போகாதிருக்கலாம். ஆயின் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஒன்று உளது. பன்முதலின் மஞ்சள் மலமன்று, குணம். குணத்தை விட்டுக் குணி இல்லை. நெருப்பின் வெம்மையைக் கறை என்பாருண்டோ?

வீட்டுக் கருவியின் விளம்பரம் இம்மூன்றையும் கறை என்னும் ஒரே சொல்லால் வழங்குகின்றது. இங்கேயே பொய் புகுகின்றதென்பது என் துணிபு. பல்லை மாற்றியதிலன்று, குணத்தை மலமென்று பெயரிட்டதிலேயே குற்றம் உளது. அப்பெயரை ஏற்றுக்கொண்டவர் தம் உடம்பில் இல்லாத அழுக்கைக் கண்ணாடியில் நாடோறும் தேடுவர். தோலின் நிறத்திலும் இதே கதைதான் நிகழ்ந்தது. தோல் வெளுக்கும் களிம்புகளிற் பாதரசம் கலப்பதை ஒழிக்கும் பன்னாட்டு முயற்சியொன்றில் 2023 இல் காபோன், யமேக்கா ஆகிய நாடுகளோடு இலங்கையும் சேர நேர்ந்தது. தோலிற் பாதரசத்தின் தீங்கு பெரிது. பல்லிற் பசையின் தீங்கு சிறிது. இரண்டுக்கும் முன்னே சொல்லப்படும் சொல்லோ ஒன்றே.

இதற்கு மறுதலையான ஒரு நிலையையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். வவுனியாவிலும் அதற்குத் தெற்கே அனுராதபுரத்திலும் நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுந்த இடங்கள் பல உள. குடிநீரில் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதனிலும் மிக்க நீரைப் பல் உருவாகும் பருவத்தில் அருந்திய பிள்ளைகளின் பல்லிற் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளிகளும், கடுமையானவிடத்துத் தவிட்டுநிறக் கறையும் தோன்றும். அவர்கள் பல் துலக்காதவரல்லர்; தம் வீட்டுக் கிணற்று நீரைக் குடித்தவர். வாயைக் கையால் மறைத்துச் சிரிக்கும் ஒரு மாணவியிடம் சென்று, வெளுப்பது வீண் ஆசை என்று அறம் உரைக்கும் தகுதி எவர்க்குண்டு? அவர் பல்லை வெளுக்க விரும்புவது முற்றிலும் நியாயமானது. கொடுமை யாதெனில், அந்நீல விளக்கு மிகுதியும் பயன்படாதது அவருக்கே. வெண்புள்ளிகளை வெளுத்தால் அவை மறையா. தொடக்கத்தில் முன்னிலும் துலங்கித் தோன்றவும் கூடும். மிளிரியின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுத்தல் போன்ற, மருத்துவர் கைப்பட வேண்டிய முறைகள் அவருக்குத் தேவைப்படும். மெய்யாகவே கறையுடையவருக்கு உதவாத கருவி, கறையற்றவருக்குக் கறையுண்டு என்று சொல்லி விற்கப்படுகின்றது.

ஒற்றைப் பல் மட்டும் கறுத்திருப்பின் அதன் மென்கூழ் இறந்திருக்கலாம். அவ்விடத்து நிறம் அழுக்குமன்று, குணமுமன்று; நோயின் அறிகுறி. அதனை மருத்துவர் காணுமுன் வெளுப்பது அறிகுறியை அழிப்பதாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 இல் இயற்றி 2012 இல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதி இதனைக் கருத்திற் கொண்டதே. ஐதரசன் பரவொட்சைட்டு நூற்றுக்கு 0.1 பங்குக்கு மேல் உள்ள பசையை அங்கே பொதுமக்களுக்கு நேரே விற்றலாகாது. அதற்கு மேல் 6 பங்கு வரை உள்ளதைப் பல்மருத்துவருக்கே விற்றல் வேண்டும். முதற்முறை அவர் கையாலேனும் அவர் மேற்பார்வையிலேனும் இடப்படல் வேண்டும். 18 வயது நிரம்பாதோருக்கு இடலாகாது. எனவே அங்கே கடையில் நேரே வாங்கத்தக்க பரவொட்சைட்டுப் பசை மிக மெலிந்தது. பசை மெலிந்தவிடத்து விளக்கு எதற்காக எரிகின்றதென்று ஊகிப்பது கடினமன்று.

பல்லின் நிறத்தை ஒப்புநோக்க மருத்துவர் கைக்கொள்ளும் மாதிரிகளுள் வீற்றா என்னும் செருமானிய நிறுவனத்தினது பெயர்பெற்றது. இயற்கைப் பற்களின் நிறத்தை அது 16 படிகளாக வகுத்திருந்தது. வெளுக்கும் வழக்கம் பரவியபின் அப்பதினாறும் போதாவாயின; இயற்கையில் மிக வெண்மையான பல்லினும் வெண்மையான படிகள் பின்னர் சேர்க்கப்பட்டன. இதனால் நடைமுறையில் ஒரு தொல்லையும் எழுகின்றது. பசை மனிதப் பல்லை வெளுக்குமேயன்றி, முன்னர் அடைத்த அடைப்பையோ, செயற்கையாகப் பொருத்திய பல்லையோ வெளுக்காது. ஆகவே வெளுத்து முடிந்த வாயிற் பொய்ப்பல் ஒன்றே பழைய மஞ்சளோடு தனித்து நிற்கும். அதனையும் மாற்ற விரும்புவோர் புதிய வெண்மைக்கு ஒப்பாக வேறொன்று செய்வித்தல் வேண்டும். அதற்கும் வெளுத்தவுடன் ஓடலாகாது. பல்லில் எஞ்சிய ஒட்சிசன் நீங்காதவிடத்துப் பிணைப்பு உறுதியாக ஒட்டாதாகையாலும், நிறம் இன்னும் நிலைபெறாதாகையாலும், இரு கிழமையேனும் காத்திருக்குமாறு மருத்துவர் கூறுவர்.