ஔடத தானமும் ஐந்து சமிதிகளும்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தருளினர் நம் ஆசாரியர்கள். நோயுற்ற துறவியர்க்கும் மூத்தோர்க்கும் செய்யும் பணிவிடையை, வையாவிருத்தியம் என்னும் பெயரால் அகத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக வைத்தனர். காவிரி நாட்டிற்கும் இவ்வறம் புதிதன்று. திருமலையிலும் தாதாபுரத்திலும் ஜினாலயம் எடுப்பித்த குந்தவைப் பிராட்டியாரே, தஞ்சையில் தம் தந்தை சுந்தர சோழர் பெயரால் ஆதுலர் சாலையும் அமைத்தார். தஞ்சையின் இராசா மிராசுதார் மருத்துவமனை, நெல் விளைத்த செல்வர்தம் கொடையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

இத்தகைய மரபில் வந்த நாம் இழைத்த பிழை ஒன்றை இங்கே மறைக்காமல் கூறுதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், மகாவீரர் ஜெயந்தியன்று நாம் சிலர் கூடி ஒரு மருத்துவமனைக்குச் சென்று, படுக்கைதோறும் வாழைப்பழமும் ரொட்டியும் வழங்கினோம். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றுடன் வைக்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர், நாம் கொடுத்த பழத்தை உரித்து வாயருகே கொண்டு சென்றார். செவிலியர் ஓடிவந்து தடுத்தார். வயிற்றில் உணவிருக்க மயக்க மருந்து கொடுத்தால், அவ்வுணவு மேலேறி மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே இடராகும் என்பதை அன்றுதான் அறிந்தோம். எறும்பைக் கண்டு அடியை ஒதுக்கி வைக்கும் நாம், "இவருக்கு இதனைக் கொடுக்கலாமா?" என்று ஒரு சொல் கேட்க மறந்தோம்.

பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்க்குத் தீங்கு நேர்வதே இம்சை என்பது உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. நல்லெண்ணம் மட்டும் போதாது, விழிப்பும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் செப்டம்பர் 17ஆம் நாளை நோயாளர் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுவதும் இவ்விழிப்பை நாடியே.

விழிப்பைப் பழகும் வழி நம்மிடமே உள்ளது. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளை, நோயாளர் அறைக்குள் புகும் தொண்டரும் தம்மால் இயன்ற அளவு மேற்கொள்ளலாம்.

ஈரியா சமிதி, பார்த்து நடத்தல். ஈரத் தரையில் முதியவர் வழுக்காதபடி தாங்குவதும், சக்கர நாற்காலியின் தடையைப் பூட்டிய பின்பே அவரை அமர்த்துவதும் இதனுள் அடங்கும்.

பாஷா சமிதி, அளந்து பேசுதல். "நீங்கள் இன்னாரா?" என்றால் அரைமயக்கத்தில் உள்ளவர் எதற்கும் தலையசைப்பார். "உங்கள் பெயர் என்ன?" என்றே கேட்க வேண்டும். ஒருவர் மருந்து மற்றொருவர்க்குச் சேராமல் தடுப்பது இச்சிறு வினாவே. கேட்டறிந்த நோயை வெளியில் பேசாமையும் இச்சமிதியே.

ஏஷணா சமிதி, ஆராய்ந்து உணவேற்றல். நமக்கோ ஆராய்ந்து உணவளித்தல். நம் தோப்பின் இளநீரும் வாழைப்பழமும், அவற்றிலுள்ள பொட்டாசியம் மிகுதியால், சிறுநீரகம் பழுதுற்றவரின் இதயத்தையே நிறுத்தக்கூடும். செவிலியரைக் கேளாமல் ஒரு கவளமும் கொடுத்தலாகாது.

ஆதான நிக்ஷேபண சமிதி, கவனத்துடன் எடுத்தலும் வைத்தலும். நோயாளரைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுதல் வேண்டும். 1847இல் வியன்னா நகரத்து மருத்துவர் செம்மல்வைஸ், மகப்பேற்று அறைக்குள் வருவோரைக் கை கழுவச் செய்தபோது தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது. சொட்டு மருந்துக் குழாயையும் பிராணவாயுக் குழாயையும் நாம் திருத்த முயலலாகாது. செவிலியரை அழைப்பதே நம் கடமை.

உத்சர்க்க சமிதி, கழிவைத் தீங்கின்றி நீக்குதல். பஞ்சும் ஊசியும் அவற்றிற்குரிய நிறத் தொட்டியில் சேரவேண்டும். இடம் மாறி எறிந்த ஊசி, துப்புரவுப் பணியாளரின் கையைத் தைக்கும். அவரும் ஓர் உயிரன்றோ!

ஆதலின் வரும் ஜெயந்திக்குக் கூட்டமாகச் சென்று பழம் வழங்கிப் படம் பிடித்துத் திரும்புவதை விடுப்போம். வாரம் ஒருநாள், குடும்பத்திற்கு ஒருவராயினும், செவிலியரிடம் பணி கற்று, துணைக்கு ஆளில்லா நோயாளர் அருகில் அமர்வோம். ஔடத தானம் அங்கே அபய தானமாகவும் நிறைவுறும்.

அறம் வளர்க! அருகன் திருவடி போற்றி!