மிச்சம் என்பது எது?

சொற்களும் மனிதரைப் போலவே ஊர் விட்டு ஊர் சென்று, வேற்றுடை பூண்டு திரும்புவதுண்டு. இன்று உலகெங்கும் வழங்கும் 'ஆல்கஹால்' என்னும் சொல் அத்தகையது. அரபியில் 'அல்-குஹ்ல்' என்பது நாம் கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குறிக்கும். மிக நுண்ணிய பொடி என்னும் பொருளிலிருந்து, ஒரு பொருளினின்றும் பிரித்தெடுத்த சாரம் என்னும் பொருளுக்கு அது விரிந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியரிடம் மதுவின் சாரத்துக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. சாரம் வடிக்கும் வாலைக்கு அரபு அறிஞர் வழங்கிய 'அல்-அன்பீக்' என்னும் பெயரும் அவ்வாறே மேற்கே சென்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-கிந்தி, நறுமணப் பொருள்களை வடித்தெடுக்கும் முறைகளைத் தொகுத்துத் தனி நூலே இயற்றினார். நம் வீட்டு நிக்காஹ் சபைகளில் தெளிக்கும் பன்னீர், செடியிலிருந்து சாரம் வடிக்கும் இக்கலையின் மூத்த பிள்ளை என்க.

அக்கலை இன்று பெருந்தொழிலாகிவிட்டது. கரும்பின் சர்க்கரையையும், மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றின் மாவுச்சத்தையும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் கொண்டு புளிக்கச் செய்து, வடித்து, நீரை நீக்கினால் எரிசாராயம் கிடைக்கிறது. அதைப் பெட்ரோலுடன் கலந்து வாகனம் ஓட்டுகின்றனர். அதிலிருந்தே பிளாஸ்டிக்கும் செய்கின்றனர். ஆமணக்கெண்ணெயிலிருந்து ஒருவகை நைலானும் உண்டாக்குகின்றனர். மண்ணுக்கடியில் உள்ள எண்ணெய் தோண்டத் தோண்டத் தீரும். மண்மேல் விளைவதோ ஆண்டுதோறும் விளையும். எரியும்போது வெளிவரும் கரியமிலவாயுவை அடுத்த விளைச்சல் மீண்டும் உள்வாங்கும். இந்நம்பிக்கையின் மேல்தான் இத்தொழில் நிற்கிறது.

அண்மையில் இஷாத் தொழுகைக்குப் பின் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று துணி விற்பவர். "ஹஜ்ரத், பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு சாராயமாமே! அதை வண்டிக்குப் போடலாமா?" என்று கேட்டார். எரிசாராயம் மதுவின் சட்டத்தில் அடங்குமா, அசுத்தமா என்பதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பருகுவதற்கன்றி எரிப்பதற்கு ஆன பொருளின் நிலை வேறு என்பதையும் அவர்கள் ஆராய்ந்துள்ளனர். இவ்வளவில் விடை கூறி முடிக்க நினைத்தோம்.

அருகில் நாமக்கல் பக்கத்துக் கோழிப் பண்ணையொன்றில் கணக்கெழுதும் பெரியவர் அமர்ந்திருந்தார். "தம்பி குடிக்கும் பொருளைப் பற்றிக் கேட்கிறார், நான் தின்னும் பொருளைப் பற்றிக் கேட்கிறேன், ஹஜ்ரத். மக்காச்சோளத்தை வண்டி தின்னத் தொடங்கிவிட்டது. கோழி எதைத் தின்னும்? முட்டை வாங்கும் ஏழை எதைத் தின்பான்?" என்றார். முதற் கேள்விக்கு நம் கிதாபுகளில் விடை தேடலாம். இரண்டாவது கேள்வி நம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. இக்கட்டுரை அதன் விளைவே.

இத்துறையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டீசல் எந்திரம் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டிற்று. ஆயினும் நிலத்தடி எண்ணெய் மலிவாகக் கிடைத்தவரை செடியின் எண்ணெயை எவரும் பெரிதாக நாடவில்லை. 1973-இல் கச்சா எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியதும் பிரேசில் நாடு விழித்துக்கொண்டது. 1975-இல் 'புரோஆல்கூல்' என்னும் திட்டம் வகுத்துக் கரும்பிலிருந்து எரிசாராயம் வடிக்கலாயிற்று. 1980-களின் நடுவில் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது எரிசாராயத்திலேயே ஓடின. பின்னர்ச் சர்க்கரை விலை ஏறிற்று. கரும்பு சர்க்கரைக்குத் திரும்பிற்று. அந்தப் பத்தாண்டின் முடிவில் எரிசாராயம் கிடைக்காமல் வண்டிகள் வரிசையில் நின்றன. ஒரே கரும்புக்கு இரண்டு வாய்கள் இருந்தன என்பதை அந்நாடு அன்று கண்டது.

அமெரிக்கா மக்காச்சோளத்தைத் தேர்ந்தது. 2005-இலும் 2007-இலும் இயற்றிய சட்டங்களால், அங்கு விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிசாராய ஆலைகளுக்குச் செல்லலாயிற்று. 2007 ஜனவரியில், மக்காச்சோள ரொட்டியே அன்றாட உணவாகிய மெக்சிகோவில் அதன் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்தனர். அவ்விலையேற்றத்துக்குக் காரணங்கள் பல என்பது உண்மை. ஆலைகளின் தேவை அவற்றுள் ஒன்று என்பதும் உண்மை. அவ்வாண்டு அக்டோபரில், உணவு உரிமைக்கான ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளராக இருந்த ஜான் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவதை மனித இனத்துக்கு எதிரான குற்றம் என்றே சாடி, ஐந்தாண்டுகள் அதை நிறுத்திவைக்கக் கோரினார்.

நம் நாட்டிலோ, 2018-இல் வெளியான உயிரி எரிபொருள் கொள்கை, பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எரிசாராயம் கலப்பதை 2030-க்குரிய இலக்காகக் கொண்டது. 2022-இல் அவ்விலக்கு 2025-26-க்கு முன்னிழுக்கப்பட்டது, 2025-இல் எட்டவும்பட்டது. முதலில் கரும்பாலையின் கழிவுப்பாகு, பிறகு கரும்புச் சாறு, பிறகு அரிசி, பிறகு மக்காச்சோளம் என மூலப்பொருள்கள் பெருகின. ஏற்றுமதி செய்துவந்த மக்காச்சோளத்தை 2024-இல் நம் நாடு பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தது. பெரியவரின் குறை கற்பனையன்று.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 400 லிட்டர் எரிசாராயம் கிடைக்கும். 40 லிட்டர் கொள்ளும் கார்த் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு 8 லிட்டர். அதற்கு 20 கிலோ மக்காச்சோளம் வேண்டும். நாளொன்றுக்கு அரைக் கிலோ உண்ணும் ஒருவருக்கு அது 40 நாள் உணவு. வடித்தபின் எஞ்சும் சக்கை, தானியத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்களவு, கால்நடைத் தீவனமாகத் திரும்புகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்தாலும் எஞ்சுவது சிறு தொகையன்று.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நாம் மறைக்கலாகாது. நம் நாடு கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. ஆலைகளிடம் கரும்புப் பணம் பாக்கி நின்று தவித்த உழவருக்கு எரிசாராயம் வழி திறந்தது. மக்காச்சோளம் விளைத்தவருக்கு நல்ல விலை கிடைத்தது. நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், பால் கொண்டுவரும் வண்டிக்கும் எரிபொருள் வேண்டுமன்றோ? எனவே 'உணவு நல்லது, எரிபொருள் தீயது' என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறுவது நீதியாகாது.

இங்கு நம் முன்னோர் கற்பித்த ஓர் ஒழுங்கு துணை செய்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்-முஸ்தஸ்ஃபா'வில் வகுத்து, இமாம் ஷாத்திபி (ரஹ்) 'அல்-முவாஃபகாத்'தில் விரித்துரைத்த ஒழுங்கு அது. இன்றியமையாதவை 'ளரூரிய்யாத்', இடர் நீக்குபவை 'ஹாஜிய்யாத்', வாழ்வை அழகு செய்பவை 'தஹ்ஸீனிய்யாத்'. பிந்தியதற்காக முந்தியதை அழித்தல் கூடாது. உயிர் காக்கும் உணவு முதல் வரிசை. வாகனப் பயணத்தில் சில முதல் வரிசை. பல இரண்டாம் வரிசை. பொழுதுபோக்கிற்காகச் சுற்றிவருவது மூன்றாம் வரிசை. ஆனால் எரிபொருள் பம்பு இவற்றைப் பிரித்தறியாது. விலை கொடுத்தவர்க்கு ஊற்றும்.

"உணவைத் தொடவில்லை, மிச்சத்தைத்தான் எடுக்கிறோம்" என்பதே இத்தொழிலாரின் மறுமொழி. ஆதலின், மிச்சம் என்பது எது என்னும் கேள்வியை நாம் கேட்டே தீர வேண்டும். மிச்சம் என்று பெயரிடப்பட்டவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மிச்சத் தானியம். அரசுக் கிடங்குகளில் தேவைக்கு மேல் குவிந்த அரிசியை எரிசாராயத்துக்கு வழங்க 2020-இல் இசைவு தரப்பட்டது. 2023 ஜூலையில், விலை ஏறி, மழை பொய்க்குமோ என்ற அச்சமும் சூழ்ந்தபோது, அவ்வழங்கல் நிறுத்தப்பட்டது. 2024-இல் மீண்டும் திறந்து, 2024-25-க்கு 52 லட்சம் டன் வரை ஒதுக்கினர். ஓராண்டு மிச்சம், மறு ஆண்டு பற்றாக்குறை, அதற்கடுத்த ஆண்டு மீண்டும் மிச்சம்! யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறு நமக்குப் புதிதன்று. செழித்த ஏழு ஆண்டுகளின் பெருவிளைச்சலை அவர்கள் மிச்சமாகக் கருதவில்லை. வரவிருந்த வறண்ட ஏழு ஆண்டுகளின் பங்காகக் கண்டு காத்துவைத்தார்கள். மேலும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்கின்றனர். அரிசி ஒன்றே அக்குறையைத் தீர்த்துவிடாது என்பதை அறிவோம். ஆனால் உண்ண வேண்டியவரைத் தேடிக் கண்டு முடித்துவிட்டோமா?

இரண்டாவது, மிச்ச நிலம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டாமணக்கு பற்றிப் பெரும் நம்பிக்கை எழுந்தது. தரிசில் நீரும் உரமுமின்றி வளர்ந்து டீசலுக்கு எண்ணெய் தரும் என்றனர். நல்ல விளைச்சலுக்கு அதுவும் நீர் கேட்டது, திட்டம் தளர்ந்தது. அது தளர்ந்ததைவிட, 'தரிசு' என்ற சொல்லே நம் கவனத்துக்குரியது. மார்க்கச் சட்டத்தில் 'மவாத்' எனப்படும் இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவர்க்கு அது உரித்தாகும் என்பர். ஆயினும் ஓர் ஊரார் கால்நடை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பயன்படுத்தும் சூழ்நிலம் 'ஹரீம்' ஆகும். அதை இறந்த நிலமென எவரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஏட்டில் தரிசு என எழுதிய மேய்ச்சல் புறம்போக்கில்தான் ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு ஆடுகள் மேய்கின்றன. அந்நிலத்தில், ஆடு வாய் வைக்காத காட்டாமணக்கை நட்டால் எது உயிர்க்கிறது, எது இறக்கிறது?

மூன்றாவது, மிச்ச வைக்கோல். பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல்லறுத்த தாளைத் தீயிட்டுக் கொளுத்த, அப்புகை டில்லிவரை மூச்சை அடைக்கிறது. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எரிசாராயம் எடுக்கும் திட்டம் கொண்டது. எரிந்து கேடு செய்வதை எடுத்துப் பயன்படுத்துவது போற்றத்தக்கது. ஆனால் அதே வைக்கோல் நம் தஞ்சைப் பக்கத்தில் மாட்டின் தீனி. மண்ணில் மட்கினால் அடுத்த பயிரின் உரம். ஓரிடத்துக் கழிவு மற்றோரிடத்துச் சோறு.

உண்மையான மிச்சங்களும் உலகில் இல்லாமல் இல்லை. பிரேசில் ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்தே தம் உலைகளை இயக்கி, எஞ்சும் மின்சாரத்தை ஊருக்கும் தருகின்றன. 1920-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஓட்ஸ் உமியிலிருந்து 'ஃபர்ஃபியூரல்' என்னும் இரசாயனத்தைப் பெருமளவில் எடுத்தனர். பலகாரக் கடைகளில் மீண்டும் மீண்டும் காய்ந்து கறுத்த எண்ணெயைத் திரட்டி டீசலாக்கும் முயற்சி நம் நாட்டில் 2018 முதல் நடைபெறுகிறது. அவ்வெண்ணெய் எந்திரத்துக்குப் போவது, ஏழையின் வயிற்றுக்குப் போகாமல் காப்பதுமாகும். இவற்றுக்கெல்லாம் முதலிடம் தந்து, தானியத்தைக் கடைசியில் வைப்பதே முறை என்பது நம் எண்ணம்.

இவ்விடத்தில் நம் உம்மாவின் வழக்கமொன்று நினைவில் எழுகிறது. இரவுச் சோறு முடிந்ததும் சட்டியை ஒருபோதும் உடனே வழித்துக் கழுவமாட்டார்கள். "எல்லாரும் தின்னாச்சா?" என்று கேட்பார்கள். பிறகு கொல்லைப்புறம் சென்று, பக்கத்து வீட்டுப் பெத்தம்மாவிடமும் அதே கேள்வி. பிறகே மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றுவார்கள். கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகும். கேட்டு முடிக்கும்வரை, சட்டியில் இருந்ததற்கு எங்கள் வீட்டில் மிச்சம் என்று பெயரில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் பொறுப்பு கொள்கை வகுப்பவர்க்கும் ஆலை அமைப்பவர்க்கும் மட்டும் உரியதன்று. வண்டி ஏறும் நமக்கும் உண்டு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்கு நாமும் பல நாள் வண்டியில் சென்றவரே. அந்தத் தொட்டியில் எவருடைய எத்தனை நாள் சோறு இருந்தது என்று அன்று எண்ணிப் பார்த்தோமில்லை.

துணி விற்கும் மாணவர்க்கு நாம் கூறிய விடை இது: "தம்பி, உம் பிழைப்புக்கு வண்டி வேண்டும், ஓட்டும். தேவையின்றி ஓட்டாதீர்." பெரியவர்க்கு முழு விடை கூற நம்மால் இயலவில்லை. அவர் கேள்வியை இப்பக்கங்களின் வாயிலாக வாசகப் பெருமக்களிடம் சேர்ப்பிப்பதே நம் கடனெனக் கொண்டோம். பசித்தவர் உண்டபின் எஞ்சுவதை மட்டுமே மிச்சமென்று அழைக்கும் நேர்மையை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் நல்குவானாக!