எஞ்சின் போன வண்டி

அமெரிக்காவில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. பழுதுபார்க்க ஆகும் செலவு பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிடு என்பார்கள். துணி துவைக்கும் மெஷினில் தொடங்கி கார் வரைக்கும் இதுதான் கணக்கு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. என் புல்வெட்டும் வண்டியின் எஞ்சின் போகும்வரை நானும் இதைச் சந்தேகித்ததில்லை.

நான் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், ஊருக்குச் சற்று வெளியே, ஒன்றரை ஏக்கர் மனையில். ஏப்ரல் கடைசியில் புல் தலைதூக்கினால் அக்டோபர் வரை ஓயாது. மே மாத மழைக்கு வாரம் ஒருமுறை வெட்டினாலும் போதாது. இங்கே பல ஊராட்சிகளில் புல் எட்டு அல்லது பத்து அங்குலத்தைத் தாண்டினால் நோட்டீஸ் வரும். (மாடு வளர்க்காதவர்கள் எதற்காக இத்தனை புல் வளர்க்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இப்போது வேண்டாம்.) கையால் தள்ளும் மோவர் இந்த நிலத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ரைடிங் மோவர். முன்னால் எஞ்சின், பின்னால் இருக்கை, வயிற்றுக்கு அடியில் கத்திகள் சுழலும் தகரக் கவசம்; அதை டெக் என்பார்கள். என்னுடையது முந்தைய வீட்டுக்காரர் வீட்டோடு சேர்த்து விட்டுப்போனது. பதினெட்டு வயது. ஒற்றை சிலிண்டர், 500 சிசி.

முதலில் நீலப் புகை தள்ளியது. பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. கடைசியில் உயரமான புல்லில் இறக்கினால் மூச்சு வாங்கி நின்றுவிடும். புது எஞ்சின் ஏறத்தாழ எண்ணூறு டாலர். நண்பன் ஒருவன் தொலைபேசியில் சிரித்தான்: "ஏன்டா, அந்த வண்டியே ஐந்நூறு டாலர் பெறாது. அதுக்கு எண்ணூறு டாலர்ல எஞ்சினா?"

அவன் சொன்ன ஐந்நூறு சரிதான். ஆனால் அது முன்பின் தெரியாத ஒருவர் வந்து என் வண்டியை வாங்கிப் போகக் கொடுக்கும் விலை. நான் விற்கப் போவதில்லையே. எனக்கு வேண்டியது வெட்டிய புல். இந்த வண்டி இல்லையென்றால் அதற்கு நான் கொடுக்க வேண்டிய விலை, கடையில் நிற்கும் புது வண்டியின் விலை. அது இரண்டாயிரம் டாலருக்கு மேல். எண்ணூறை வைத்துப் பார்க்க வேண்டியது அதனோடுதான். பாதிக் கணக்கின் கோளாறு இதுதான்: நம்மிடம் இருக்கும் ஒன்றை, அதை வைத்திருக்க விரும்பாதவனின் கண்ணால் மதிப்பிடச் சொல்கிறது.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா? இதைக் கேட்க வைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். கார் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். புகை வந்தாலே எஞ்சின் செத்தது என்று முடிவு கட்டக் கூடாது என்றார். இந்த வகை எஞ்சின்களில் சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள கேஸ்கெட் கிழிந்தாலும் இதே நீலப் புகைதான் வரும். அந்த கேஸ்கெட்டை மாற்ற எஞ்சின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. கம்ப்ரஷன் அளந்து பார்த்தும் பயனில்லை. சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக, மெதுவாகச் சுற்றும்போது வால்வு லேசாகத் திறந்தே இருக்கும்படி செய்திருப்பார்கள்; நல்ல எஞ்சினிலும் அளவு குறைவாகவே காட்டும். ஆகவே பிஸ்டனை மேலே நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து, எங்கே சீறுகிறது என்று காது வைத்துக் கேட்க வேண்டும். சைலன்சரில் சீறினால் வெளியேற்றும் வால்வு. கார்புரேட்டரில் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. ஆயில் குச்சியை உருவிய துளையில் சீறினால் பிஸ்டன் ரிங், அல்லது அந்த கேஸ்கெட். என் வண்டி ஆயில் துளையில் சீறியது. தலையைக் கழற்றினோம். கேஸ்கெட் முழுசாக இருந்தது. சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக நகத்தில் தட்டும் அளவுக்குக் கீறல்கள். எஞ்சின் போனதில் இனிச் சந்தேகமில்லை.

ஒன்று முடிந்துவிட்டது என்று நாம் சொல்லும் இடங்களில் பாதி, கழற்றிப் பார்க்காமல் சொன்னவையாகத்தான் இருக்கும் என்று எனக்கு அன்று தோன்றியது. நீலப் புகையைப் பார்த்துவிட்டுப் பேசுகிறோம்.

நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். அங்கே இப்படி ஆயில் குடிக்கும் எஞ்சினை யாரும் மாற்ற மாட்டார்கள், இறக்குவார்கள். எஞ்சினை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து (போர் பண்ணுவது என்பார்கள்), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஏற்றினால் மறுபடியும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். இதைச் சொல்லி நம்மவர்கள் பெருமைப்படுவதுண்டு: நாம் எதையும் வீணாக்காதவர்கள், அமெரிக்கர்கள் தூக்கி எறிபவர்கள் என்று. எனக்கு அந்தப் பெருமையில் நம்பிக்கை இல்லை. அங்கே ஆள்கூலி மலிவு, இரும்பு விலை அதிகம். இங்கே சிறு எஞ்சின் பட்டறையில் ஒரு மணி நேரக் கூலி நூறு டாலரை ஒட்டி நிற்கிறது. ஒரு நாள் வேலை வைத்தாலே புது எஞ்சின் விலை வந்துவிடும். சிக்கனம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த விகிதம்தான். நாமக்கல் பட்டறைக் கூலியும் ஒருநாள் ஏறும். அன்றைக்கு அங்கேயும் தூக்கிப் போடுவார்கள்.

எஞ்சினும் அதற்கேற்றபடிதான் பிறக்கிறது. மில்வாக்கி நகரில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம், 1953இல் அச்சில் வார்த்த எடை குறைந்த அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்தது. அமெரிக்க வீடுகளில் எஞ்சின் வைத்த புல்வெட்டி சாதாரணப் பொருளானதில் அந்த எடையும் விலையும் பெரும் பங்கு வகித்தன. மலிவான எஞ்சின்களில் சிலிண்டர் சுவரே அலுமினியம். கொஞ்சம் கூடுதல் விலையில் உள்ளே வார்ப்பிரும்பு உறை வைத்தவை கிடைக்கும். அவற்றைத் தாராளமாக போர் பண்ணலாம். என்னுடையது முதல் ரகம்.

ஆகவே மாற்றுவதென்று முடிவானது. கூலி கொடுத்து மாற்றினால் கணக்கு உதைக்கும். சொந்தக் கையால் செய்தால் மட்டுமே தாங்கும். உன் ஒரு மணி நேரத்துக்கு ஆபீஸில் என்ன சம்பளம், அதையும் செலவில் சேர் என்றான் அதே நண்பன். இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. சனிக்கிழமை மதியத்தை யாரும் என்னிடம் விலை கொடுத்து வாங்குவதில்லை. அந்த நேரத்தில் நான் செய்திருக்கக்கூடிய மாற்று வேலை, சோபாவில் சாய்ந்து போனை உருட்டுவது.

எஞ்சினைக் கழற்றுவது சுலபம். சட்டத்தோடு அதைப் பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள். உண்மையான பரீட்சை அடியில் இருக்கிறது. எஞ்சினின் தண்டு நேர்க்கீழாக இறங்கி, அதன் நுனியில் இரட்டைப் புல்லி மாட்டியிருக்கும். ஒரு பெல்ட் பின்சக்கரத்தை ஓட்டும் டிரான்ஸ்மிஷனுக்கு, மற்றது டெக்குக்கு. பதினெட்டு வருட ஈரப் புல்லும் துருவும் சேர்ந்து தண்டையும் புல்லியையும் ஒரே இரும்பாக்கியிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டோம். டார்ச்சால் சூடு காட்டினோம். புல்லியை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி முறுக்கினால் புல்லியின் விளிம்புதான் வளைந்தது. சுத்தியலால் ஓங்கி அடிக்கப் போன என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். இறுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, இரவில் இரும்பு தன் வேலையைச் செய்யும் என்றார். மறுநாள் காலையில் புல்லரை மேலும் ஒரு கால் திருப்புத் திருப்பியதும் துப்பாக்கிச் சத்தம் போல ஒரு சத்தம். புல்லி கழன்றது.

வயரிங் இன்னொரு வகை. தடித்தது ஸ்டார்ட்டருக்கு, மற்றவை சார்ஜிங், கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் வால்வு, கடைசியாகத் தீப்பொறியை நிறுத்தும் வயர். இந்தக் கடைசி வயரின் தர்க்கம் தலைகீழானது. மின்சாரம் கொடுத்தால் ஓடும், எடுத்தால் நிற்கும் என்றுதான் எவரும் நினைப்போம். இங்கே வயர் வண்டியின் உடம்பைத் தொட்டால் எஞ்சின் நிற்கும், தொடாவிட்டால் ஓடும். கத்தி சுற்றும்போது இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சின் அணைவதும் இதன் வழியாகத்தான். தெரியாமல் இதில் பேட்டரி மின்சாரத்தை விட்டால் புது எஞ்சினின் இக்னிஷன் காயில் எரிந்துபோகும். பழைய எஞ்சினின் வயர் நிறத்தை நம்பாமல் புது எஞ்சினின் படத்தைப் பார்த்துத்தான் இணைத்தோம். சைலன்சர் குழாய் மட்டும் பொருந்தவில்லை. அதை வெட்டி வெல்டிங் செய்தவரும் பக்கத்து வீட்டுக்காரரே.

இத்தனைக்கும் பிறகு என்னை யோசிக்க வைத்தது வேறு. அந்த வண்டிக்கென்று செய்யப்படாத எஞ்சின் அதில் எப்படி உட்கார்ந்தது? புல்வெட்டும் வண்டி செய்த பெரும்பாலான நிறுவனங்கள் எஞ்சின் செய்யவில்லை. எஞ்சினை பிரிக்ஸ், கோலர், கவாசாகி போன்றவர்களிடம் வாங்கினார்கள். எவருடைய எஞ்சினும் எவருடைய வண்டியிலும் ஏற வேண்டும் என்பதால் ஒரு அங்குலத் தண்டு, தண்டையும் புல்லியையும் வழுக்காமல் பூட்டும் கால் அங்குலச் சாவி, சட்டத்தில் அதே துளைகள் என்று வழக்கம் படிந்தது. நுகர்வோர் மேல் கருணையால் நடந்ததல்ல இது. அவரவர் வியாபார வசதி. புல்வெட்டி விற்றுப் பெயர் பெற்ற சியர்ஸ் 2018இல் திவால் மனு கொடுத்தது. பிரிக்ஸும் 2020இல் கொடுத்து, கைமாறி, பிழைத்தது. தண்டின் விட்டம் மாறவில்லை. பேட்டரி வண்டிகள் பெருகிவரும் இந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பேட்டரியைத் தனி வடிவில் செய்கிறது. கையடக்கக் கருவிகள் பெரும்பாலானவற்றின் பேட்டரியைப் பயனாளரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2027 முதல் சட்டமாக்குகிறது. இயல்பாக நடந்த ஒன்றை இப்போது சட்டம் போட்டு நடத்த வேண்டியிருக்கிறது.

பாதிக் கணக்கை மனிதருக்கும் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே டெட்ராய்ட் பக்கம் கார் உதிரிபாக நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருந்த என் நண்பர் ஒருவருக்கு ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனது. கம்யூனிட்டி காலேஜில் நர்ஸிங் சேர்ந்தார். இந்த வயசிலயா என்று கேட்காதவர்கள் இல்லை. இரண்டு வருடப் படிப்பு. அமெரிக்காவில் முழு ஓய்வூதிய வயது அவர் வயதினருக்கு 67. படித்து முடித்தாலும் பதின்மூன்று வருடம் மிச்சம். கேட்டவர்கள் எல்லோரும் அந்தப் படிப்பின் செலவை, வேலைச் சந்தை அன்றைக்கு அவருக்குக் கொடுக்கத் தயாராக இருந்த விலையோடு ஒப்பிட்டார்கள். அவர் அந்தப் பதின்மூன்று வருடங்களோடு ஒப்பிட்டார். மனிதரை மோவரோடு சேர்த்துப் பேசுவது அழகல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் கேட்டவர்களின் கணக்கு என் வண்டிக்குச் சொல்லப்பட்ட அதே கணக்கு.

இதை நீட்டிக்கொண்டே போய் எதையும் விடாதே என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் தெருவிலேயே, என்றைக்காவது சரிசெய்வேன் என்று நிறுத்திய வண்டிகளால் கராஜ் நிரம்பி, கார் வெயிலில் நிற்கும் வீடுகள் உண்டு. ஏற்கெனவே செலவழித்தது மேலும் செலவழிக்கக் காரணமாகாது. எஞ்சின் வாங்கும் முன் நான் பார்த்தது எஞ்சினை அல்ல, மற்றவற்றை: முன் அச்சுக்கருகே சட்டத்தில் விரிசல் இருக்கிறதா, டெக்கின் தகரம் ஸ்குரூடிரைவர் குத்தினால் ஓட்டை விழுகிறதா, டிரான்ஸ்மிஷன் சூடேறிய பிறகும் மேடு ஏறுகிறதா. மூன்றில் ஒன்று தோற்றிருந்தாலும் விட்டிருப்பேன். இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் எஞ்சினே வேண்டாமே என்று என் மகள் கேட்கிறாள். கலிபோர்னியாவில் புதிதாகச் செய்யும் பெட்ரோல் புல்வெட்டிகளுக்கு 2024 முதல் தடை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அடுத்தது பேட்டரி வண்டிதான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த அடுத்தது எப்போது வரும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இந்த மாதிரிச் சிறு ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன்கள் பலவற்றை வண்டியிலிருந்து கழற்றாமல் உள்ளே இருக்கும் எண்ணெயை மாற்ற முடியாது, யாரும் மாற்றுவதுமில்லை. என் வண்டியில் அடுத்துப் போகப் போவது அதுதான். போனால் இன்னொரு முறை செலவழிக்க மாட்டேன். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு எஞ்சினை மட்டும் கழற்றி விற்றுவிடுவேன். ஒரு அங்குலத் தண்டு. வாங்க ஆள் இருக்கும்.