நெடுநாள் நோயும் ஒப்புரவும்: மறுவாழ்வு குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

காய்ச்சலுற்ற ஒருவர் மருந்துண்டு நலம் பெற்றதும் மருத்துவரிடம் விடைபெறுகிறார். நோயாளி என்னும் நிலை அவரைவிட்டு நீங்குகிறது. நீரிழிவு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, முதுகுத்தண்டுக் காயம், தொழுநோய் விட்டுச்சென்ற ஊனம் ஆகியவற்றில் இத்தகைய விடைபெறுதல் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. நோயும் அதன் விளைவும் வாழ்வோடு உடன்வருகின்றன. நோயை முற்றிலும் தீர்க்க இயலாத இடத்தில் பிறருடைய கடமை முடிந்துவிடுகிறதா? முடியவில்லையெனில் அக்கடமை இரக்கத்தின்பாற்பட்டதா, முறைமையின்பாற்பட்டதா? திருக்குறளின் மருந்து, ஒப்புரவறிதல், ஈகை ஆகிய அதிகாரங்களின் கருத்தியலைத் துணையாகவும், வேலூரிலும் கேரளத்திலும் நிகழ்ந்த மறுவாழ்வு முயற்சிகளைச் சான்றாகவும் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இன்றைய மறுவாழ்வு மருத்துவத்தை வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என நிறுவுவது இதன் நோக்கமன்று. அறம் குறித்த பழைய வேறுபாடு ஒன்று இன்றைய சிக்கலொன்றைத் தெளிவாகக் காண உதவுமா என்பதே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

தீர்த்தலும் தணித்தலும்

மருந்து அதிகாரத்தின் (95) இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. சரக சம்ஹிதையும் மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயாளி என நான்கு உறுப்புகளைக் கூறுகிறது. பணிவிடை செய்பவரை மருத்துவத்தின் புறத்தே நிறுத்தாமல் அதன் உறுப்பாகவே கொண்டமை இவ்விரு நூல்களுக்கும் பொதுவானதாகும். ‘உழை’ என்பது பக்கம் எனப் பொருள்படும். எனவே உழைச்செல்வான் என்னும் சொல்லில் அருகிருத்தல் என்னும் பொருள் உள்ளடங்கியுள்ளது.

இதே அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொல்லும் குறள், அடுத்து ஆராய வேண்டுவதாகக் குறிப்பது நோயைத் ‘தணிக்கும்’ வழியையாகும். தீர்த்தல் நோயை இல்லையாக்குதல். தணித்தல் அதன் வெம்மையைக் குறைத்தலையும் உள்ளடக்கும். உரைமரபு இவ்விரு சொற்களுக்கிடையே பெரும் வேறுபாடு காணவில்லையாயினும், நெடுநாள் நோய்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு இன்றியமையாததாகிறது. தீர்த்தல் மட்டுமே மருத்துவத்தின் இலக்கெனின், தீராத நோயுடையவர் மருத்துவத்தின் தோல்வியாகக் கருதப்படுவார். தணித்தலும் இலக்கெனின் அவர் மருத்துவத்தின் எல்லைக்குள்ளேயே நிற்பார். அங்கு நான்கு கூறுகளின் பங்கு மாறுகிறது. தீர்ப்பவரின் இடம் சுருங்க, உழைச்செல்வாரின் இடம் விரிகிறது.

வேலூர்ச் சான்று

தொழுநோயர் மறுவாழ்வு வரலாற்றில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சிறப்பிடம் உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் அக்கல்லூரிக்கு வந்தார். தொழுநோயரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்னும் நம்பிக்கை அக்காலத்தில் மருத்துவர்களிடமும் இருந்தது. நரம்புகள் பாதிக்கப்பட்டு வலியுணர்வு அற்றுப்போவதால் தீப்புண்ணும் வெட்டுக்காயமும் உணரப்படாமல் கைகால்கள் சிதைகின்றன என்பதைப் பிராண்டும் அவர்தம் குழுவினரும் தெளிவுபடுத்தினர். மடங்கிய விரல்களை நிமிர்த்தும் தசைநாண் மாற்று அறுவை 1948 முதல் அங்கு மேற்கொள்ளப்பட்டது.

அறுவையின் வெற்றியே ஓர் அறவியல் சிக்கலை வெளிப்படுத்தியது. கைகள் சீர்பெற்றுச் சென்ற நோயாளி ஒருவர் மீண்டும் வந்து, இக்கைகள் இரப்பதற்கு ஏற்றவையல்ல என முறையிட்டதைப் பிராண்ட் பதிவுசெய்துள்ளார். மடங்கிய விரல்களைக் கண்டு காசிட்டவர்கள் நிமிர்ந்த விரல்களைக் கண்டு ஈயவில்லை. நோயின் வடுக்களைக் கண்டவர்கள் அவருக்கு வேலையோ தங்குமிடமோ தரவும் முன்வரவில்லை. இத்தகைய பட்டறிவின் விளைவாகவே, சீர்பெற்ற கைகளுக்குத் தச்சு முதலிய தொழில்களைப் பயிற்றும் புதுவாழ்வு மையம் 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் உருவாயிற்று.

இந்நிகழ்வில் மருத்துவம் தோற்கவில்லை. இரக்கமும் இல்லாமற் போகவில்லை. இரக்கம் இருந்தது, அது ஊனத்தின்மீது மட்டும் இருந்தது. ஊனம் குறைந்ததும் அந்த மனிதருக்குச் சமூகத்தில் இருந்த ஒரே இடமும் பறிபோயிற்று. ஊனமுற்றவருக்குக் காசு கொடுக்க ஆயத்தமாக இருந்த சமூகம், அவருடன் ஒரே தெருவில் வாழ ஆயத்தமாக இல்லை. உடற்குறையும் சூழலின் தடைகளும் சேர்ந்தே இயலாமையை உருவாக்குகின்றன என்னும் கருத்தை உலக நலவாழ்வு அமைப்பு 2001-இல் ஏற்ற வகைப்பாடு முன்வைக்கிறது. அந்நோயாளியின் முறையீடு அவ்வுண்மையை அரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்த்தியது எனலாம்.

ஈகையும் ஒப்புரவும்

வள்ளுவர் ஒப்புரவறிதலையும் (22) ஈகையையும் (23) அடுத்தடுத்த தனி அதிகாரங்களாக வைத்துள்ளார். வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை என அவ்வதிகாரத்தின் முதற்குறள் வரையறுக்கிறது. ஒப்புரவு, கைம்மாறு கருதாத மழையோடு ஒப்பிடப்படுகிறது. ஒப்புரவாளன் செல்வத்துக்கு ஊருணியும், ஊர்நடுவே பழுத்த மரமும், தப்பாத மருந்து மரமும் உவமைகளாகின்றன. இம்மூன்றும் பொதுவிடத்துப் பொருள்கள் என்பது நோக்கத்தக்கது. ஊருணியில் நீர் முகப்பவர் தம் வறுமையை எவருக்கும் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஊரில் வாழ்தலே அவருடைய உரிமைக்குப் போதிய காரணமாகும்.

ஈகை உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. எனினும் அதனைப் பெறுபவர் தம் இன்மையைக் காட்டியாக வேண்டியுள்ளது. மறுவாழ்வை ஈகையாக மட்டும் கொண்டால் நோயாளி தம் குறையை எந்நாளும் வெளிப்படுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். நலம் பெறுந்தோறும் உதவியை இழப்பார். மடங்கிய விரல்கள் இரந்துண்ண உதவியதும் நிமிர்ந்த விரல்கள் உதவாமற் போனதும் இம்முரணாலேயே ஆகும். ஒப்புரவாகக் கொள்ளும்போது மறுவாழ்வு ஊருணியைப் போலப் பொதுவுடைமையாகிறது. சக்கர நாற்காலி ஏறுதற்கு வாய்ப்பான சாய்தளம், பணியிடத்தில் இடம், வீட்டருகே இயன்முறை மருத்துவம் ஆகியவை அருட்கொடைகள் என்னும் நிலையினின்று மாறி, ஊரின் அமைப்பாகவே ஆகின்றன.

ஒப்புரவை அறிந்தவனே உயிர்வாழ்பவன், ஏனையோர் செத்தாருள் வைக்கப்படுவர் என்னும் கருத்தும் அவ்வதிகாரத்தில் உள்ளது. தொழுநோயரை ஊர்ப்புறத்தே ஒதுக்கிய சமூகம் அவர்களை உயிரோடிருக்கும்போதே இறந்தவராக எண்ணியது. வள்ளுவரின் கணக்கில் இறந்தவர் ஒதுக்கப்பட்டவர் அல்லர், ஒதுக்கியவரே ஆவர்.

சட்டமும் இவ்வொதுக்கலுக்குத் துணைநின்றது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. திருமண முறிவுக்குத் தொழுநோயைக் காரணமாக ஏற்ற தனிநபர் சட்டப் பிரிவுகள் 2019-இல் நீக்கப்பெற்றன. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களிலேயே இந்தியாவில் அறிமுகமாகிவிட்டது. மருந்து வந்த பின்னரும் சட்டம் மாற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின என்பது சிந்திக்கத்தக்கது.

பயன் கருதும் மறுவாழ்வும் அதன் எல்லையும்

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். தொழில் கற்பித்துப் பொருளீட்டச் செய்தலே மறுவாழ்வெனின், எக்காலத்தும் பணிக்குத் திரும்ப இயலாதவர் நிலை யாது? படுக்கையிலேயே நாள் கழிப்பவர், நினைவிழந்த முதியவர், நோய் முற்றியவர் ஆகியோர் மறுவாழ்வுக்கு உரியவரல்லரா? சமூகம் செலவிடுவது மீண்டும் சமூகத்துக்குப் பயன்படும் என்னும் வாதம் வலிமையானது. ஆயினும் அது கைம்மாறு கருதும் வாதமாகும். அதன்படி நோக்கினால் பயன்தர இயலாதவர் மீண்டும் ஊர்ப்புறத்தே நிறுத்தப்படுவர்.

இத்தடைக்குக் கேரளத்தின் நோய்தணிப்புப் பராமரிப்பு இயக்கம் ஒரு விடை தருகிறது. கோழிக்கோட்டில் 1993-இல் வலிதணிப்புக்கென ஒரு சங்கம் தொடங்கப்பெற்றது. புற்றுநோயாளரின் வலியைத் தணிப்பதில் தொடங்கிய அம்முயற்சி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அண்டை அயலாரைப் பயிற்றுவித்து ஈடுபடுத்தும் வலையமைப்பாக விரிந்தது. நெடுநாள் நோயாளர் பலரும் அதன் வரம்புக்குள் வந்தனர். மருத்துவரும் செவிலியரும் செய்யும் பணியோடு, அயலார் வாரத்தில் சில மணிநேரம் நோயாளியின் இல்லம் சென்று பேசுதல், குடும்பத்தின் உணவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழிகாணுதல் முதலியன இணைந்தன. கேரள அரசு 2008-இல் இதற்கெனத் தனிக்கொள்கை வெளியிட்டது. இம்முயற்சியில் நோயாளி மீண்டும் உழைப்பார் என்னும் எதிர்பார்ப்பு முன்நிபந்தனையாக இல்லை. அவர் அவ்வூரினர் என்பதே போதுமானதாயிற்று. மழை உவமம் உணர்த்தும் கைம்மாறு கருதாமைக்கு இதனைப் பொருத்தமான சான்றாகக் கொள்ளலாம்.

உழைச்செல்வார் யார்?

ஒப்புரவுக் கடமை ஊரினுடையது என்றாலும் நடைமுறையில் அது இல்லத்தின்மீதும், இல்லத்துள் மனைவி, தாய், மகள், மருமகள் ஆகியோர்மீதுமே பெரிதும் விழுகிறது. அன்பின் பெயரால் அவர்கள் ஆற்றும் பணிக்கு ஓய்வோ ஊதியமோ இல்லை. அன்பினால் செய்யப்படும் பணி கட்டாயத்தால் செய்யப்படும்போது அன்பும் தேய்கிறது. நோயாளியும் தாம் பாரம் என்னும் உணர்வால் நலிகிறார். பணிவிடையாளரை மருத்துவத்தின் கூறாக ஏற்பது உண்மையெனின், மருந்துக்கும் மருத்துவருக்கும் வழங்கப்பெறும் கவனம் அவருக்கும் உரியதாகும். அவருக்குப் பயிற்சியும் இடையோய்வும் மாற்றாளும் பொருளுதவியும் கிடைத்தல் வேண்டும். இவை ஒப்புரவின் பகுதியாகவே கருதத்தக்கவை.

நான்கு கூறுகளும் நிலையான நான்கு வகை மாந்தரைக் குறிப்பன அல்ல என்பதும் ஈண்டுச் சுட்டத்தக்கது. வேலூரில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ்ச் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். உள்நோயாளர்க்கான மறுவாழ்வு நிறுவனம் அங்கு 1966-இல் உருவாயிற்று. நோயுற்றவரும் தீர்ப்பவரும் அவரிடம் ஒருவரேயாயினர். இன்று உழைச்செல்பவர் நாளை நோயுற்றவராகலாம். நோயுற்றவர் பிறர்க்கு உழைச்செல்பவராகலாம். எல்லோரும் எல்லா இடங்களிலும் நிற்கக்கூடும் என்பதே இக்கடமையைப் பொதுவாக்குகிறது.

முடிவுரை

தீர்க்க இயலாமை கடமையின் முடிவன்று. கடமையின் வடிவம் மாறும் இடமே அது என்பது மேற்கண்ட ஆய்வால் பெறப்படுகிறது. அக்கடமையை ஈகையாகக் கொள்ளின் நோயாளி தம் குறையைக் காட்டிப் பெறுபவராகிறார். பயன் கருதிய முதலீடாகக் கொள்ளின் பயன்தர இயலாதவர் விடுபடுகின்றனர். ஒப்புரவாகக் கொள்ளும்போதே இரு குறைகளும் நீங்குகின்றன. எனினும் ஊரின் கடமை எனக் கூறி, அதனை இல்லத்துப் பெண்களின் தோளில் ஏற்றிவிடும் வழக்கம் தொடரும்வரை ஒப்புரவு என்பது சொல்லளவிலேயே நிற்கும். ஊருணி நிறைந்திருக்க வேண்டுமாயின் அதனைத் தூர்வாரும் பொறுப்பும் ஊர் முழுமைக்கும் உரியதாதல் வேண்டும்.