கரகரப்பின் நியாயம்

1953. ரியோ டி ஜெனீரோவில் டூப்பி வானொலியின் புதுப் பாடகர் போட்டி. நோயுற்ற குழந்தைக்காகப் பரிசுப் பணத்தை நாடி வந்த ஒரு கறுப்பினப் பெண் மேடையில் நிற்கிறார். அம்மாவின் பெரிய உடுப்பை ஊக்குகளால் குத்திச் சுருக்கி அணிந்திருக்கிறார். அரங்கம் சிரிக்கிறது. போட்டியை நடத்தும் ஆரி பரோஸோ, எந்தக் கிரகத்திலிருந்து வருகிறாய் என்று கேட்கிறார். உங்களுடைய அதே கிரகத்திலிருந்துதான், பசி என்ற கிரகத்திலிருந்து என்று பதில் வருகிறது. பிறகு அந்தப் பெண் பாடுகிறார். சிரிப்பு நிற்கிறது.

எல்ஸா சோவாரெஸைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் சம்பவம் இது. வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. எனக்கு இதில் ஒரு தர்மப் பிரச்னை இருப்பதாகத் தோன்றுகிறது. சிரிப்பை நிறுத்தியது எது? பசியா, பாட்டா? பசிதான் என்றால் அங்கே நடந்தது கலை அல்ல, தானம். பாட்டு மட்டும்தான் என்றால், அந்தக் குரலிலிருந்து பசியைப் பிரித்தெடுத்து ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தை ரசிக்கலாம் என்றாகிறது. இரண்டையும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

கேள்வி கேட்டவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பரோஸோ 1939-ல் ‘அக்வரேலா தோ பிரஸீல்’ இயற்றியவர். தேசத்தை வாத்திய முழக்கத்தோடு வண்ணச் சித்திரமாகத் தீட்டிய சாம்பா அது. ஆனால் சாம்பா பிறந்தது சித்திரத்தில் அல்ல. பாஹியாவிலிருந்து ரியோவுக்குப் பிழைக்க வந்த, 1888-ல்தான் அடிமைமுறையிலிருந்து முற்றாக விடுபட்ட ஒரு ஜனத்தின் வீடுகளிலும் முற்றங்களிலும் வளர்ந்தது. போலீஸ் தொல்லைக்கு ஆளானது. 1930-களில் வார்காஸின் ஆட்சியும் வானொலியும் சேர்ந்து அதைத் தேசியச் சின்னமாக்கின. வேலைக்குப் போகாமல் சாமர்த்தியத்தால் பிழைப்பவனைக் கொண்டாடும் பாடல்களை அரசின் பிரசார இலாகா விரும்பவில்லை. உழைப்பைப் போற்றச் சொன்னது. சின்னமாவதற்கு முன் குளிப்பாட்டித் தலைசீவிவிட வேண்டியிருந்தது. பரோஸோ தேர்ந்த இசைக்காரர்தான். ஆனால் தலைசீவிய சாம்பாவின் முன்னால் ஊக்கு குத்திய உடுப்போடு ஒருத்தி வந்து நின்றபோது, அவள் வேறு கிரகமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

2015-ல், எண்பத்தைந்து வயதில், ‘உலக முடிவின் பெண்’ என்று பொருள்படும் இசைத்தட்டை எல்ஸா வெளியிட்டார். முழுக்கப் புதிய பாடல்கள் மட்டுமே கொண்ட அவருடைய முதல் இசைத்தட்டு அது. கில்யெர்மே காஸ்ட்ருப், கீகோ தினூசி, ரோத்ரீகோ காம்போஸ் முதலிய சாவ் பாவ்லோ இசைக்காரர்கள் உடனிருந்தார்கள். மின்கிட்டார்கள் பிறாண்டுகின்றன. பித்தளை வாத்தியங்கள் குறுக்கே பாய்கின்றன. இது சாம்பாவே அல்ல என்று ஒருவர் சொன்னால் அவருடைய காதைக் குறை சொல்ல முடியாது.

நான் வங்கியில் குமாஸ்தா. காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது வேலையில் ஒரு பகுதி. முப்பது வருஷத்துக்கு முன் போட்ட மாதிரி நேர்த்தியாக இருக்கும். முன்னே நிற்கும் முதியவரின் கோடோ நடுங்கி உடைந்திருக்கும். விதிப்படி இரண்டும் வேறு. ஆனால் கை அதே கை. போலி செய்பவன்தான் மாதிரியை அப்படியே எழுதுவான். மரபுக்காக வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் மாதிரி அட்டையைத்தான் மரபு என்கிறார்கள். சாம்பாவின் மாதிரி அட்டையோ இடையில் ஒரு அரசாங்கம் திருத்தி எழுதியது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபணை ஒன்று உண்டு. இந்தப் பரிசோதனை யாருடையது? பாடல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் இளைய தலைமுறை ஆண்கள். கைநீட்டியவனைப் பார்த்து, 180-க்குப் போன் செய்வேன் என்று ஒரு பெண் எச்சரிக்கும் ‘மரியா தா வீலா மச்சில்டே’ தக்ளஸ் ஜெர்மானோ எழுதியது. 180 என்பது அங்கே பெண்களுக்கான அரசு உதவி எண். குடியில் அழிந்த கால்பந்து மேதை கரிஞ்சாவோடு வாழ்ந்து அடிபட்டவர் எல்ஸா. அப்படியானால் பரிசோதனை அவர்களுடையது, தழும்பு மட்டும் இவருடையதா? ஒரு கிழவியின் துயரத்தைக் கச்சாப்பொருளாக்கி இளைஞர்கள் நவீனமாகிக்கொண்டார்களா?

இசைத்தட்டின் தொடக்கத்தைக் கேட்டால் பதில் கிடைக்கிறது. வாத்தியமே இல்லை. ஓஸ்வால்ட் தெ அந்த்ராதெயின் கவிதை ஒன்றைத் தனிக்குரலில் பாடுகிறார். கிட்டார்கள் பிற்பாடு செய்யப்போகும் கரகரப்பு அதற்கு முன்பே அந்தத் தொண்டையில் இருக்கிறது. 1959-60-ன் முதல் இசைத்தட்டுகளிலேயே இருந்தது. சொல்லில்லாமல் குரலை உடைத்து ஸ்வரங்களை வீசும் அந்தப் பாணியை, சிறுமியாகத் தண்ணீர்த் தகரம் சுமந்தபோது எழுந்த முனகலிலிருந்து பெற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே குரல் வாத்தியங்களின் சோதனைக்கு உட்படவில்லை. வாத்தியங்கள்தாம் ஐம்பது வருஷம் தாமதமாக அந்தக் குரலை வந்தடைந்தன. சோதனை செய்ய ஓய்வும் படிப்பும் வேண்டும் என்ற நம் எண்ணத்தில் ஒரு ஜாதித் திமிர் இருக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டுத்தான் கேட்டேன். பதின்மூன்று வயதுக்குள் கட்டாயக் கல்யாணம், பசியில் பறிகொடுத்த குழந்தைகள். கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தின் மேல் உடனே சந்தேகமும் வந்தது. எவ்வளவு பட்டிருக்கிறார் பாவம் என்று உருகுவதும் எந்தக் கிரகம் என்ற கேள்வியின் மரியாதையான வடிவம்தானே? சிரித்தவன் பசியை வேறு கிரகத்துக்கு அனுப்பினான். உருகுகிறவனும் அங்கேதான் அனுப்புகிறான், கையில் பூங்கொத்தோடு.

அந்தப் பதிலில் எல்லோரும் பசி என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். ‘அதே’ என்ற சொல்லை விட்டுவிடுகிறோம். தலைசீவிய சாம்பா பசி இல்லை என்கிறது. இரக்கம், பசி இருக்கிறது, ஆனால் எங்கோ இருக்கிறது என்கிறது. பிறாண்டும் இந்த சாம்பாவில் இரண்டுக்கும் சாய்ந்து உட்கார இடமில்லை. ஆடவும் முடிகிறது, ஆடும்போது உறுத்தவும் செய்கிறது. சிரிப்பை நிறுத்தியது பசியும் அல்ல, பசி நீங்கிய பாட்டும் அல்ல. கேட்பவனைத் தன் கிரகத்திலேயே நிற்க வைத்த ஒரு குரல் என்று இப்போது நினைக்கிறேன்.

2019-ல் வந்த இசைத்தட்டுக்கு ‘பசிக் கிரகம்’ என்றே பெயர் வைத்தார். 2022 ஜனவரி 20-ல், 91-ம் வயதில் இறந்தார். அறுபத்தாறு வருஷம் கழித்தும் அதே பதிலைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், கேள்வி இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது என்றுதான் பொருள்.