சினம் தணிக்கும் நொதி

மூச்சோடு உள்ளே போகும் தூசியையும் கிருமியையும் நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் பெரும்பாலும் சத்தமின்றி விழுங்கிவிடுகின்றன. சில பாக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு தட்டுப்பட்டால் நிலைமை மாறுகிறது. டிஎல்ஆர்-4 என்னும் ஏற்பி விழித்துக்கொள்ள, கைனேஸ் நொதிகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிச் செய்தியைக் கடத்துகின்றன. பி38 கைனேஸ் முடுக்கப்பட்டதும் டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்கள் பெருகுகின்றன.

அழற்சி கிருமியைக் கொல்லும்; அளவு மீறினால் நுண்ணறைகளையே நீரால் நிரப்பும். காப்பதும் அழிப்பதும் ஒரே ஆற்றல்தானா? சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது.

செல்லைத் தூண்டிய அதே சமிக்ஞை டஸ்ப்1 என்ற நொதியையும் உருவாக்குகிறது. பி38 மேல் ஏறிய பாஸ்பேட்டை அது கழற்றிவிடும். இந்த நொதி இல்லாத எலிகளுக்கு லிப்போபாலிசாக்கரைடைச் செலுத்தியபோது டிஎன்எஃப் கட்டுக்கடங்காமல் ஏறியது; இயல்பான எலிகளைவிட அதிகம் இறந்தன.

அழற்சியைச் செல்லின் சினமாகக் கொண்டால், டஸ்ப்1 அதை அளவில் நிறுத்துகிறது. மனிதரின் சினத்திலும் அளவே முக்கியம்: அரிஸ்டாட்டில் கோபத்தை அடியோடு விடச் சொல்லவில்லை. உரியவரிடம், உரிய நேரத்தில், உரிய அளவில் கோபம் கொள்வதையே நற்பண்பாகக் கண்டார். செல்லுக்கு மனமில்லை; தேர்வும் இல்லை. அதனால் அதன் அடக்கத்தை அறம் என்று சொல்ல இயலாது. ஆனால், அடக்கம் வலிமைக்கு வெளியிலிருந்து வரும் தடை என்ற எண்ணத்தை அது அசைத்துவிடுகிறது.

மருத்துவமும் இந்த அளவைத்தான் தேடுகிறது. டஸ்ப்1 உற்பத்தியைக் கூட்டுவது டெக்ஸாமெத்தசோன் என்ற மருந்து செயல்படும் வழிகளில் ஒன்று. 2020 ஜூனில் வெளியான பிரிட்டனின் ரெகவரி ஆய்வு முடிவின்படி, வென்டிலேட்டரிலிருந்த கோவிட் நோயாளிகளிடையே அந்த மருந்து இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலன் தரவில்லை.