கலையைக் கடத்த முடியுமா?

1963 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கலை அரசி’, வேற்றுக் கிரகவாசிகளைத் திரையில் காட்டிய முதல் தமிழ்ப்படம் எனக் குறிப்பிடப்படுவதுண்டு. ஏ. காசிலிங்கம் இயக்கிய இப்படத்தில் எம். ஜி. ஆர்., பி. பானுமதி, எம். என். நம்பியார் ஆகியோர் நடித்தனர். யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பி அப்போது ஈராண்டுகளே ஆகியிருந்தன. படத்தின் புதுமையைப் பலரும் பேசியிருக்கின்றனர்; அது எழுப்பும் அறக்கேள்வியைப் பேசியவர் அரியர்.

கதை எளியது. வேறொரு கிரகத்தார் விஞ்ஞானத்தில் வல்லவர்கள்; ஆனால் இசையும் நடனமும் அறியாதவர்கள். அக்குறை தீரப் பூமிக்கு வந்து, சிறந்த பாடகியொருத்தியைத் தூக்கிச் செல்கின்றனர். காதலன் பின்தொடர்ந்து சென்று மீட்கிறான். எம். ஜி. ஆர். படமாயிற்றே, மீட்காமல் விடுவாரா!

விஞ்ஞானம் செழித்து, கலை முளைக்காத சமூகம் ஒன்று இருக்கக் கூடுமா? கல்லடி உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். அவரே பழந்தமிழ் யாழின் சுரங்களைக் கணிதத்தால் ஆராய்ந்து, 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவருள் இரண்டு மனிதர் இருக்கவில்லை.

அப்படம் எடுக்கப்பட்ட விதமுங்கூட அதன் கதையை மறுக்கிறது. பானுமதிக்கு அதில் இரட்டை வேடம். கணினி இல்லாத அக்காலத்தில் இரட்டை வேடக் காட்சிகளை எடுக்க வழக்கமாகக் கையாண்ட முறை இது: கமராவின் கண்ணில் ஒரு பாதியைக் கறுப்பு மட்டையால் மறைத்து, மறு பாதியில் நடிப்பைப் பதிவு செய்வர், பின் பிலிமைச் சுற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, மறைப்பை மாற்றி, நடிகையை அடுத்த பக்கம் நிறுத்துவர். கமரா மயிரிழை அசைந்தாலும் நடுவே கோடு விழும். நடிகையோ, எதிரே எவருமில்லாத வெளியை நோக்கிப் பேசி, தன் மறுமொழிக்கு வேண்டிய நேரத்தையும் மனத்தில் கணக்கிட வேண்டும். இதில் விஞ்ஞானம் எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது?

இரண்டாவது கேள்வி இன்னும் கடுமையானது. கலைஞரைத் தூக்கிச் சென்றால் கலை வந்து சேருமா? கலையை ஒருவரது கழுத்திலே தொங்கும் பதக்கமாகக் கருதுவது அரண்மனையின் பார்வை. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணாவியாரை விண்கலத்தில் ஏற்றிவிடலாம், மத்தளத்தையும் ஏற்றலாம். வேளாண்மை வேலையால் களைத்த உடம்போடு மாதக்கணக்கில் இரவிரவாய் ஆடிப் பழகும் உழவர்களை எப்படி ஏற்றுவது? களரியைச் சுற்றிப் பாயில் அமர்ந்து, ஒரு வரி தவறினாலும் கண்டுபிடித்துவிடும் பாட்டிமாரை? அவர்களின்றி அண்ணாவியார் அங்கே ஒரு கைதி, அவ்வளவே.

எனினும் அக்கிரகத்தாரிடம் ஒரு பெருமை உண்டு. தமக்கு ஏதோ குறைகிறது என்பதை அவர்கள் உணர்ந்தார்கள். நாம் உணர்கிறோமா? சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளைகளைக் கணிதம், விஞ்ஞானம், கலை எனப் பிரிக்கிறோம்; புள்ளி குறைந்தவர் சேருமிடமாகவே கலைப்பிரிவைக் காண்கிறோம். நன்றாகப் பாடும் பிள்ளை, கணக்கும் நன்றாகச் செய்தால், பாட்டை விட்டுவிடுகிறது. அதன் மாலை நேரமெல்லாம் தனியார் வகுப்புக்குப் போகிறது.

பெற்றோரைக் குறை கூறுவது எளிது. ஆயினும், 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்ததை அவர்களும் கண்டவர்களே. வயலில் கூலி செய்து மகளைப் படிக்க வைக்கும் தாயொருத்தி, “பாட்டுப் படிச்சா ஆர் சேர் சோறு போடுவாங்க?” என்று கேட்டால், கலையின் உயர்வு பற்றிய நமது சொற்பொழிவு எதுவும் அவளுக்கு விடையாகாது. அவளுடைய மகளை எந்த நம்பியாரும் வந்து தூக்கிச் செல்லவில்லை.